மூடி வைத்த டீ

ஜனவரி 5, ஞாயிறு

இன்று என் ஆற்றங்கரை நடைக்கு வந்தது ஒரு டச்சுத் தம்பதி. சைதாப்பேட்டைப் பாலத்தடியில் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, மூக்கைப் பொத்தலாமா, பொத்தினால் மரியாதைக் குறைவாகுமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். பொத்திக்கொள்ளுங்கள், அடையாறு கோபித்துக்கொள்ளாது என்றேன். சிரித்தார்கள். முதல் சிரிப்பு வந்துவிட்டால் மீதி நடை தானாக நடக்கும்.

ஆற்றங்கரைக்கு வருகிறவர்கள் ஆற்றைப் பார்க்க வருவதில்லை, கதை கேட்க வருகிறார்கள். இது புரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்த வருஷம் முழுக்கப் பாலங்களின் வயதையும் கொக்குகளின் ஜாதியையும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கொட்டாவிதான் மிச்சம். இப்போது அப்படியில்லை. தனி நடை என்றால் அதிகம் போனால் இரண்டு பேர், கூட நான், கடைசியில் தேசம்மா. அழாமல் யாரும் திரும்புவதில்லை.

கடைசி நிறுத்தம் பரிசல்துறை. குடிசைகள் இருந்த இடத்தில் இப்போது கம்பி வேலியும் அரசாங்கச் செடிகளும். இடிக்காமல் விட்டுப்போன ஒரு குட்டிச்சுவர் மட்டும் நிற்கிறது. தேசம்மாவின் வீட்டுச் சுவர். பெருவெள்ளம் வந்த வருஷம் அவளுடைய மகன் கஜேந்திரன், பதினேழு வயது, எதிர்வீட்டு ஆட்டை அவிழ்த்துவிடப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தேசம்மா மட்டும் இரண்டு பஸ் மாறி வந்து, பக்கத்து அப்பார்ட்மென்டில் வீட்டு வேலை செய்கிறாள். வேலைக்குப் போகுமுன் அந்தச் சுவரில் மகனுக்கு ஒரு டம்ளர் டீ வைப்பாள்.

கதையில் சில இடங்களை நான் சீர்செய்ய வேண்டியிருந்தது. ஆட்டுக்காகப் போனான் என்றால் கேட்கிறவர்களுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிடுகிறது. அதனால் அம்மாவின் மருந்தை எடுக்கப் போனான் என்று ஆக்கினேன். தேசம்மா என்ற பெயரும் வெளிநாட்டு நாக்கில் நிற்கவில்லை. என் நடையில் அவள் நதியம்மா.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் இதற்கு ஒப்புக்கொண்டதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் வருகிறார்கள், மகனை எங்கேயாவது பார்த்தார்களா என்று ஒவ்வொருவரிடமும் நான் கேட்க வேண்டும். பர்ஸிலிருந்து அவன் படத்தை எடுத்து நீட்டுவாள். புருவத்தில் வெட்டுத் தழும்போடு ஒரு பையன். இவன்தான் இறந்துபோன மகன் என்று நான் ஆங்கிலத்தில் சொல்வேன். அவர்கள் படத்தைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டுவார்கள். பார்க்கவில்லையாம் என்று தேசம்மா எடுத்துக்கொள்வாள். எல்லாருக்கும் திருப்தி.

ஒரே குறை அந்தத் தட்டு. பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிய கையோடு டம்ளரை ஒரு சின்ன எவர்சில்வர் தட்டால் மூடிவிடுகிறாள். ஆவி எழும்புவது படத்தில் விழுவதே இல்லை. டச்சுக்காரர் கேமராவைத் தூக்கித் தூக்கி இறக்கினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

ஜனவரி 8

வாஷிங் மெஷின் கதவு பூட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. நடைக்குப் போடும் உடுப்பு மொத்தமும் உள்ளே. மெக்கானிக் நாளை வருவானாம். அவன் நாளை என்றால் அது பொங்கலுக்கு அப்புறம் வருகிற நாளை.

ஜனவரி 12, ஞாயிறு

தட்டைப் பற்றித் தேசம்மாவிடம் நேரிடையாகப் பேசிவிட்டேன். வந்தவர்களைப் பாலம் வரை கொண்டுவிட்டுத் திரும்பி வந்து, சுவரடியில் பிடித்தேன். அஞ்சு நிமிஷம் திறந்து வை, அவர்கள் படம் எடுத்ததும் மூடிக்கொள் என்று தன்மையாகத்தான் சொன்னேன்.

முடியாது என்றாள். நான் காரணம் கேட்டதும், குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"செத்தவங்களுக்குத்தான் மேடம் தொறந்து வெப்பாங்க. படையல் தொறந்துதான் இருக்கும். உசுரோட கீறவன் லேட்டா வந்தான்னா, மூடித்தானே வெப்போம்?"

அவளே மேலே பேசிக்கொண்டு போனாள். வெள்ளத்துக்கு முந்தி வீட்டில் ஒரே ஒரு டம்ளர் டீதான் வாங்குவார்களாம். முதலில் எழுந்தவர் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும். இவள் அவனுக்கு வைப்பாள், அவன் இவளுக்கு வைப்பான். அவனைக் கஜா என்று அவளைத் தவிர யாரும் கூப்பிட்டதே இல்லையாம். பரிசல்துறையில் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மா பெயர்தான். தேசம்மா பையன், தேசம்மா பையன் என்றுதான் எல்லாரும் சொல்வார்களாம். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை, ஏதோ பட்டம் வாங்கியதுபோல.

இதை நடையில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். பாதி டீ என்பது ஏழ்மையை ரொம்பப் பச்சையாகக் காட்டுகிறது.

ஜனவரி 14

பொங்கல். மகள் மிருதுளா கோயம்புத்தூர் ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டாள், பரீட்சையாம். ஒருத்திக்கு என்ன பொங்கல் வேண்டிக் கிடக்கிறது என்று குக்கரில் வைத்தேன். அடிப்பிடித்தது.

ஜனவரி 20, திங்கள்

இன்று தலைகால் புரியவில்லை. வருஷா வருஷம் உலக நகரங்களில் நடந்தே பார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் போடுகிற பயண நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல். பிப்ரவரி பதினாறு காலை ஓர் அம்மாளும் ஒரு புகைப்படக்காரரும் வருகிறார்கள். என் நடையைப் பற்றி எங்கேயோ படித்தார்களாம். மூன்றாவது வரியில் எழுதியிருக்கிறார்கள்: ஆற்றில் மகனைப் பறிகொடுத்து, தினமும் அவனுக்குத் தேநீர் வைக்கும் தாயைக் கட்டாயம் சந்திக்க விரும்புகிறோம்.

ஆக, அவர்கள் வருவது எனக்காக இல்லை. சரி, இருக்கட்டும். தேரைப் பார்க்க வருகிறவன் இழுக்கிறவனையா பார்க்கிறான்.

தேசம்மாவிடம் போனில் சொன்னேன், அன்றைக்குப் பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று. அவர்கள் ரொம்ப ஊர் சுற்றுவார்களா என்று கேட்டாள். உலகம் முழுக்க என்றேன். அப்படியானால் புதுப்படம் பிரிண்ட் போட்டு எடுத்து வருகிறேன், பழையது கசங்கிவிட்டது என்றாள்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றைக்கு வந்தது ஜெசிந்தா என்று ஓர் அம்மாள், ஐம்பது ஐம்பத்திரண்டு இருக்கும். சொந்த ஊர் நாசரேத் பக்கம், இப்போது இருப்பது ஆந்திராவில், கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். வீடு வாசல் தெரியாமல் திரிகிறவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் நர்ஸ். கண்ணைக் காட்ட சென்னைக்கு வந்தவருக்கு அக்கா மகள் இந்த நடையைப் பிறந்தநாள் பரிசாக முன்பதிவு செய்திருக்கிறாள். ரப்பர் செருப்போடு வந்து நின்றார். ஆகாயத்தாமரையைப் பார்த்து, பூ அழகா இருக்கே என்றார். இந்த ஆற்றில் அழகு என்ற சொல்லை நான் கேட்டு நாளாயிற்று.

தமிழ் தெரிந்தவர்கள் வந்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடம். என் கதை தேசம்மாவின் காதில் விழக்கூடாது. நல்லவேளை, அப்பார்ட்மென்டில் இன்று கொடியேற்றம். தேசம்மா டீயை ஊற்றி மூடிவிட்டு, தூரத்திலிருந்தே எனக்குக் கையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டாள். படத்தை நீட்டக்கூட நேரமில்லை. அவள் தலை மறைந்த பிறகு ஜெசிந்தாவுக்கு நதியம்மாவின் கதையைச் சொன்னேன். மருந்தை எடுக்கப் போன மகன், வெள்ளம், எல்லாம்.

அவர் கதையைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு மூடி வைத்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"எங்க இல்லத்துல ஒரு பையன் இருக்கான். எதைக் குடுத்தாலும் பாதியைக் குடிச்சிட்டு மீதியைத் தட்டால மூடி வச்சிருதான். யாருக்குன்னு கேட்டா பேச்சு வராது. தலையில அடி. அந்த வெள்ளம் வந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தி ரயில்வே போலீஸ் கொண்டுவந்து விட்டுட்டுப் போனாங்க."

வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே. மழை பெய்தால் போதும், எங்கள் தொழுவத்து ஆடுகளை எல்லாம் அவிழ்த்து விட்டுவிடுவான், அந்த ஒரு சேட்டைதான் என்று சிரித்தார்.

ஆடு எல்லா ஊரிலும்தான் இருக்கிறது.

தேசம்மாவிடம் இப்போதே ஓடிச் சொல்ல அவர் விரும்பவில்லை. தாய் மனசு, தப்பாகிவிட்டால் தாங்காது. போனதும் ஒரு படம் அனுப்புகிறேன், நீங்கள் பக்குவமாகக் காட்டிக் கேளுங்கள் என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறின கஞ்சி பழங்கஞ்சி, உடனே கேட்டிருங்க என்றும் சொன்னார். நல்ல பெண்மணி. கொஞ்சம் அதிகமாகக் கை பிடிக்கிறார்.

ஜனவரி 28

படம் வந்தது. தாடி வைத்த ஒருவன் ஒரு திண்டில் உட்கார்ந்திருக்கிறான். இருபத்தைந்தும் இருக்கலாம், முப்பத்தைந்தும் இருக்கலாம். வெளிச்சம் போதாது. புருவத்தில் ஒரு கோடு தெரிகிறது. நிழலாகவும் இருக்கலாம். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாக் கோடும் தழும்பு மாதிரிதான் இருக்கும்.

இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.

யோசித்துப் பார்க்கிறேன். இன்றைக்கு இதைக் காட்டினால் தேசம்மா நாளைக்கே ரயிலேறிவிடுவாள். அவனாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். இல்லையென்றால் படுத்துவிடுவாள். இரண்டில் எதுவானாலும் பதினாறாம் தேதி அந்தச் சுவரில் நான் எதைக் காட்டுவேன்? கொக்கையா? இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் மூன்று வாரம் ஒரு பொருட்டா. அதற்குப் பிறகு நானே டிக்கெட் எடுத்துக் கூட்டிப் போகிறேன். நினைத்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது, அவ்வளவு நல்ல எண்ணம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வந்தவர்கள் சிங்கப்பூர்க்காரர்கள். தேசம்மா படத்தை நீட்டினாள். நான் வழக்கம்போல் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். தேசம்மா படத்தைத் துடைத்து உள்ளே வைத்தாள்.

போன வாரம் வந்த ரப்பர் செருப்பு அம்மாவிடம் கேட்டாயா என்றாள். ஒருவரையும் விடமாட்டாள்போல. கேட்டேன், தெரியாதாம் என்றேன்.

பிப்ரவரி 5

மிருதுளா மாலையில் போனை எடுக்கவில்லை. பத்துத் தடவை அடித்தேன். ஹாஸ்டல் வார்டன் எடுக்கவில்லை, அவள் தோழியும் எடுக்கவில்லை. அடுப்பில் பாலை வைத்தது மறந்து பொங்கி வழிந்தது. கோயம்புத்தூர் பஸ்ஸுக்குப் பையைக்கூட எடுத்துவிட்டேன். கடைசியில் கூப்பிடுகிறாள்: சார்ஜ் இல்லம்மா, சினிமாவுக்குப் போயிருந்தோம் என்று. போன உயிர் திரும்பி வந்தது. ஒரு அம்மாவைக் காக்க வைப்பது எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா என்று அரைமணி நேரம் திட்டித் தீர்த்தேன்.

அடுப்பைத் தேய்த்துத் தேய்த்து நகம் போனதுதான் மிச்சம்.

பிப்ரவரி 10, திங்கள்

ஜெசிந்தா விடமாட்டேன் என்கிறார். ஏற்கெனவே ஒரு தடவை, அந்த அம்மா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தேன். இன்று குரல் பதிவு. பையனுக்குக் காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டிவிட்டது, ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்கிறார். அதற்கப்புறம் இது:

"நேத்து காய்ச்சல் வேகத்துல முதல்தடவையா வாய் தொறந்தான். தேசம்மா, தேசம்மான்னு சொல்லிட்டே இருந்தான். ஊர் பேரா, சாமி பேரா தெரியல. அந்த டீ வைக்கிற அம்மா பேரு என்ன மேடம்? படத்தைக் காட்டிட்டீங்களா?"

வீட்டைப் பெருக்கினேன். துணி மடித்தேன். ஃபிரிட்ஜில் கிடந்த பழைய கொத்தமல்லியை எல்லாம் எடுத்துப் போட்டேன். அப்புறம் பதில் அனுப்பினேன். அவர் பெயர் நதியம்மா, படத்தைக் காட்டினேன், தன் மகன் இல்லை என்று சொல்லிவிட்டார்.

என் நடையில் அவள் பெயர் நதியம்மாதான். அது பொய்யில் சேராது. இரண்டாவது விஷயம், இன்னும் ஆறே நாள். காய்ச்சல் எல்லாருக்கும்தான் வருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் அல்லவா, பார்த்துக்கொள்வார்கள். நம் தேசம்மா அங்கே போய் ஊசி போடப் போகிறாளா என்ன?

சரிங்க மேடம், அந்த அம்மா பாவம், ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது.

பிப்ரவரி 13

புதுச்செருப்பு கடிக்கிறது. பதினாறுக்குள் பழக வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் வந்து, என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

முடிந்தது. நன்றாகவே முடிந்தது.

அந்த அம்மாள் வெள்ளைத் தொப்பி, புகைப்படக்காரர் முழங்கால்வரை சேறு பட்டாலும் கவலைப்படாத ரகம். பனி இன்னும் விலகாத ஆறு, பாலத்தின்மேல் ரயில், கொடியில் காயும் வெள்ளை வேட்டிகள், எல்லாம் எனக்கென்று ஏற்பாடு செய்ததுபோல் அமைந்தன. பரிசல்துறையில் தேசம்மா நீலப்புடவையில் தலை வாரி நின்றிருந்தாள். கையில் புதிதாகப் பிரிண்ட் போட்ட படங்கள், ஒரு கட்டு. எல்லா ஊருக்கும் கொடுத்தனுப்பலாம் என்று நினைத்திருப்பாள்போல. நான் கதையைச் சொன்னேன். தொப்பி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே படத்தை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தேசம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இன்னா சொல்றாங்க மேடம் என்று என்னிடம் கேட்டாள். தேடிப் பார்ப்பார்களாம் என்றேன்.

பிறகு டீ. ஊற்றினாள், மூடினாள். புகைப்படக்காரர் குனிந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தொப்பி அம்மாள் தேசம்மாவின் தோளைப் பிடித்து ஆற்றுப் பக்கம் திருப்பி ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போய்த் தட்டை எடுத்துவிட்டேன்.

ஆவி அழகாக எழும்பியது. அவர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

தேசம்மா திரும்பியபோது தட்டு என் கையில் இருந்தது. கத்தவில்லை. ஓடி வந்து தட்டைப் பிடுங்கி மூடினாள். மூடிய தட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள், யாரோ மறுபடியும் பிடுங்க வருவதுபோல. என்ன மேடம் இப்படிப் பண்ணிட்ட, என்ன மேடம் இப்படிப் பண்ணிட்ட என்று இதையேதான் சொன்னாள். ஒரு நொடி காற்றாட வைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கும் கோபம் வந்தது. வந்தவர்கள் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

அவளுடைய அந்தத் தவிப்பையும் அவர் படம் எடுத்தார். அதுதான் எல்லாவற்றிலும் சிறந்த படம் என்று தொப்பி அம்மாள் சொன்னாள்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்றைக்கு ஜெசிந்தா விஷயத்தைத் தேசம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். சத்தியமாக. காலைக் காபிக்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது. பையன் விடியற்காலையில் போய்விட்டான். இல்லத்துத் தோட்டத்திலேயே அடக்கம் செய்கிறார்கள்.

இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது. சொன்னால் நான் ஒரு தாயின் நம்பிக்கையைக் கொன்றவள் ஆவேன். நேற்று நான் தட்டை எடுத்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிற ஆளும் நானில்லை. படித்தவள்.

காபி கசந்தது. சர்க்கரை போட மறந்திருக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நடை ரத்து. தலைவலி.

மார்ச் 2, ஞாயிறு

பட்டியலில் வந்துவிட்டேன். முழுப்பக்கம், தட்டின் மேல் கையை அழுத்திய தேசம்மா. கீழே, நதியம்மா, அடையாறு. தொலைபேசி ஓயவில்லை. ஏப்ரல்வரை எல்லா ஞாயிறும் நிரம்பிவிட்டது. மிருதுளா தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாளாம்.

தேசம்மாவிடம் படத்தைக் காட்டினேன். தன் முகத்தைப் பார்க்கவில்லை. கஜா படத்தைப் போடலியா மேடம் என்று கேட்டாள். அடுத்த பக்கத்தில் இருக்கிறது என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைய முன்பதிவு ஷர்மிளி என்ற பெயரில் இருந்தது. பாலத்தடியில் போய்ப் பார்த்தால் ஓர் இளம்பெண், பக்கத்தில் ரப்பர் செருப்போடு ஜெசிந்தா. ஷர்மிளி அவருடைய அக்கா மகள்.

கண்ணுக்கு மறுபடியும் காட்ட வந்தாராம். பையன் போனதிலிருந்து அந்தச் சுவரையே நினைத்துக்கொண்டிருக்கிறாராம். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்துக் காட்டினார். ஓரம் உடைந்த பச்சைத் தட்டு. அவன் மூடி வைக்கிற தட்டு, அவனுக்கென்று யாரும் இல்லை, அந்த நதியம்மாகிட்ட கொடுத்துவிடுகிறேன், டீயை மூட உதவும், அவர் மகன் இல்லாவிட்டால் என்ன, யாரோ ஒரு தாயிடம் இருக்கட்டும் என்றார்.

இன்றைக்கு அவர் வரமாட்டார் என்றேன். பரவாயில்லை, சுவரில் வைத்துவிட்டு வருகிறேன் என்றார். ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, வழி இல்லை என்றேன். பார்த்துப் போவோம் என்றார். தேசம்மாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. நடையை இழுத்தேன். கொக்கு காட்டினேன், பாலத்தின் வயது சொன்னேன், முதல் வருஷத்தில் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே நடந்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

தேசம்மா சுவரடியில் இருந்தாள். எனக்காகவே காத்திருந்திருக்கிறாள். ஜெசிந்தாவைப் பார்த்ததும் புதுப்படம் ஒன்றை எடுக்கப் பர்ஸைத் திறந்தாள். அதே நேரம் அப்பார்ட்மென்ட் கேட்டிலிருந்து கூட வேலை செய்கிறவள் குரல் கொடுத்தாள்: தேசம்மா, தண்ணி நிக்கப் போவுது, சீக்கிரம் வா.

ஜெசிந்தா அப்படியே நின்றார். உங்க பேரு என்னம்மா என்றார்.

"தேசம்மா. மேடம்தான் நதியம்மான்னு சொல்லும், வெள்ளக்காரங்களுக்கு வாய்ல வராதுன்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவர் போனை எடுத்துப் படத்தைத் தேசம்மாவின் கையில் கொடுத்தார். தேசம்மா பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்தாள். புருவத்தின்மேல் விரலை வைத்தாள். போன் திரை வழுக்கி வேறு படம் வந்துவிட்டது. ஷர்மிளி மறுபடி எடுத்துக் கொடுத்தாள்.

எங்கே கீறான் என்று கேட்டாள்.

ஜெசிந்தா அழுதுகொண்டே சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். ஆடு, பாதி டீ, காய்ச்சல், கடைசியில் அவன் சொன்ன பெயர். நான் இவங்ககிட்ட கேட்டேனேம்மா, உங்க மகன் இல்லைன்னு நீங்க சொன்னதா சொன்னாங்களே என்றார். தேசம்மா அழவில்லை. எந்த நாள் என்று மட்டும் கேட்டாள். போன மாதம் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை விடியற்காலை என்றார் ஜெசிந்தா.

"அதுக்கு மொத நாள்தான் இந்த மேடம் தட்டைத் தொறந்துச்சு" என்றாள் தேசம்மா, ஜெசிந்தாவிடம்தான், வழி சொல்வதுபோல.

நான் ஓடிப் போயிருக்கலாம். போகவில்லை. அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் பிளாஸ்கைத் திறந்தாள். டீயை ஊற்றிச் சுவரில் வைத்தாள். பச்சைத் தட்டை ஜெசிந்தாவிடமிருந்து வாங்கிக்கொண்டாள். தன் எவர்சில்வர் தட்டையும் சேர்த்து இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டாள். டம்ளர் திறந்தபடி இருந்தது. ஆவி மேலே எழும்பிக் காற்றில் கலைந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு மூடல மேடம். போட்டோ எடுத்துக்க."

நான் அசையவில்லை. எடுத்துக்க என்றாள் மறுபடி. எடுக்கும்வரை நகரமாட்டாள் என்று தெரிந்தது. எடுத்தேன். எடுத்ததும், அவள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றோரமாக நடந்துபோனாள், பஸ் போகிற சாலைப் பக்கம். ஷர்மிளி பின்னாலேயே ஓடினாள். கேட்டில் நின்றவள் இன்னும் தேசம்மா, தேசம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாலை. மிருதுளா இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு கனடாக்காரர்கள், சுவரில் என்ன காட்டுவது என்று தெரியவில்லை.

படத்தை இப்போதுதான் பார்த்தேன். கை நடுங்கியும் கலங்கவில்லை. ஆவி நன்றாக விழுந்திருக்கிறது.